கம்பெனித் தண்ணீர்

கம்பெனி லாரி பின்பக்கமாகவே வந்து பந்தலோரம் நின்றது. அதில் நாலைந்து பீப்பாய் தண்ணீர். நஞ்சப்பனின் உடலைக் குளிப்பாட்டக் காத்திருந்தவர்கள் குடங்களோடு எழுந்தார்கள்.

கணவனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பழனாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். முன்சீட்டிலிருந்து இறங்கியவர் அவளுடைய அண்ணன் சின்னையன், வடகரப்பதி பஞ்சாயத்து மெம்பர்.

“ஊர்ல ஒரு கெணத்துலயும் தண்ணியில்ல. நாஞ்சொன்னதும் குடுத்துட்டானுங்க,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் புதிதாக வந்த காகித அட்டைக் கம்பெனி ஆழமாகப் போர் போட்டு இறைக்கத் தொடங்கிய மறுகோடையே சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றிவிட்டன. கிணறுகளுக்குப் பக்கத்தில் போர் போடக்கூடாதென்று பஞ்சாயத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் லைசென்ஸ் கொடுத்தார்கள். அன்றைக்குச் சின்னையன் நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தார். “நான் ஒருத்தந்தான் வேண்டாம்னேன், அம்மிணி. அத்தன பேரும் கை தூக்கிட்டானுங்க,” என்று கண்கலங்கினார். நஞ்சப்பன்தான் அவரைத் தேற்றி, உட்காரவைத்துச் சோறு போடச் சொன்னார். பிறகு தன் கிணறும் வற்றியபோது அதைத் தானே ஆழப்படுத்த இறங்கினார். நேற்று முற்பகல் கடப்பாரையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு மெம்பரான அர்த்தநாரி அவளருகே வந்து குந்தினார்.

“அக்கா, எங்க மேல வருத்தம் வெச்சுக்காதீங்க. எனக்கு மனசே இல்லீங்க. கம்பெனி வந்தாத்தான் பஞ்சாயத்துக்கு வருமானம், ரோடு போடலாம், லைட்டுப் போடலாம்னு உங்கண்ணந்தான் எந்திரிச்சுப் பேசுனாருங்க. ‘எந்தங்கச்சி ஊட்டுக் கெணறும் அங்கதான் இருக்குது, எனக்கில்லாத அக்கறையா உங்களுக்கு’ன்னாருங்க. அதுக்கு மேல நாங்க என்ன சொல்றதுங்க?”

சின்னையன் முதல் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணா, அத எறக்கி வெய்யுங்க.”

“ஏன் அம்மிணி?”

“அவரு தோண்டுன கெணத்துல ராத்திரி கொஞ்சம் ஊறியிருக்கும். நீங்களே எறங்கி ஒரு சொம்பு மொண்டுட்டு வாங்க.”

சின்னையன் அர்த்தநாரியைப் பார்த்தார். அர்த்தநாரி தரையைப் பார்த்தார். குடம் கீழே இறங்கியது.

சொம்பை வாங்கிக்கொண்டு கிணற்றுமேடு வரை போனார் சின்னையன். செருப்பைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

“படி வழுக்கும் போல இருக்குது. எனக்கு முட்டி வேற...” என்றார் திரும்பி.

பழனாத்தாள் எழுந்து போய்ச் சொம்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

அவள் மேலேறி வந்தபோது பாதிச் சொம்புதான் தேறியிருந்தது, செம்மண் கலங்கலாக. புருசன் பக்கத்தில் மண்டியிட்டு, முதலில் அவருடைய கைகளை எடுத்து மடியில் வைத்துக் கழுவினாள். விரல் விரலாகத் தேய்த்தும் நகக்கண்ணில் இருந்த மண் போகவில்லை.