பதினெட்டுப் படங்கள்

வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் மறுபடி அடித்தது. தையற்காரர் ஒரு கையில் நாற்காலியைப் பிடித்தபடியே எடுத்தார்.

"வேதியியல் துறைத் தலைவருங்களா?"

"இல்லீங்க. தையக்கடை."

"வெப்சைட்ல இந்த நம்பர்தானே போட்டிருக்கு?"

"அது என் வீட்டுக்காரி நம்பர். அவ காலையில..."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே அவளைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவளுடைய அக்கா. "அந்தச் சனியன அணைச்சுத்தான் தொலைங்களேன் தம்பி! விடிஞ்சதுலேருந்து ஓயாம அலறுது."

அணைக்க அவருக்குத் தெரியும். கை வரவில்லை.

அவள் வேலை பார்த்த துறையின் தலைவர் வந்தார். பின்னாலேயே லேப்டாப் பையோடு ஆய்வகத்துப் பெண்மணி. ஒரு இடத்தில் நிற்காத ஆள் என்பதால் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்ததே தையற்காரரின் மனைவிதான். குருவி இன்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தலைவர் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து ஏத்தின புது வெப்சைட்ல பதினெட்டு புரொபசருக்கும் உங்க வீட்டம்மா போட்டோதான் இருக்கு. போன் நம்பரும் அவங்களுதுதான். துணைவேந்தர் பாத்துட்டார். பாஸ்வேர்டு இவங்ககிட்ட மட்டும்தான்..."

"அக்கா என்ன பண்ணும்?" குருவி கூடத்தில் கிடந்தவளைக் காட்டினாள். "நாலு மாசமா போட்டோ குடுங்க, ரெண்டு வரி எழுதிக் குடுங்கன்னு ரூம் ரூமா ஏறி இறங்குச்சு. ஒருத்தர் கல்யாண போட்டோவ அனுப்பினார், பக்கத்துல பொண்ணோட! நீங்க அதக்கூட அனுப்பல சார்."



நேற்று காலை வேலைக்குக் கிளம்பும்போது மனைவி தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெஞ்சுலேருந்து என்னமோ இழுத்துப் பிடிக்குதுங்க."

"டாக்டர்கிட்ட போலாம் வா."

"தேதி குறிச்சாச்சு. ஏத்தலேன்னா அந்த மனுஷன் என்னைத்தான் பிடிப்பார். போட்டோ வராத எடத்துல எல்லாம் இப்போதைக்கு நான் இருந்துக்கறேன். நாளைக்கு மாத்திக்கலாம்."

ஒரு பேன்ட்டுக்கு மடிப்பு பாக்கி இருந்தது. அவரும் மெஷினில் உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ்வேர்ட எங்கயாச்சும் எழுதி வெச்சிருக்காங்களா?" என்றார் தலைவர்.

"நாலு மணிக்கு எடுத்துருவாங்க சார். அதுக்கப்புறம் மாத்தினா ஆகாதா?" என்றார் தையற்காரர்.

போன் அடித்தது. "ஹால் டிக்கெட் எப்ப சார் குடுப்பீங்க?" என்றது ஒரு பெண்குரல். "தெரியலம்மா" என்றார்.

உள்ளே போய் அளவு நோட்டை எடுத்து வந்தார். எதைத் தொலைத்தாலும் அதைத் தொலைக்கமாட்டார் என்று கடைசிப் பக்கத்தில் அவள்தான் பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தாள். தன் ரவிக்கை அளவுக்குக் கீழே.

குருவி சுவரோரம் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அவர் பின்னால் நின்றார். திரையில், கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு மனைவி சிரித்தாள். குருவி எதையோ அழுத்தினாள். அவள் போய், நம்பரும் போய், அந்த இடத்தில் முகமில்லாத சாம்பல் நிறத் தலை ஒன்று வந்தது. அடுத்ததிலும் சிரித்தாள். போனாள். அவர் எண்ணவில்லை என்றுதான் நினைத்தார். ஆனால் பதினெட்டு முடிந்ததும் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்குண்ணே. அக்காவோட சொந்தப் பக்கம். அலுவலகம்னு போட்டு."

குருவி தலைவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். குருவி அதைத் தொடாமல் லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

அதன்பிறகு போன் அடிக்கவில்லை. நாற்காலிகள் நிறைந்தன. மூன்று மணி ஆயிற்று. "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்றாள் தலைமாட்டிலிருந்த அக்கா.

தையற்காரர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு சதவீதம் இருந்தது. எழுந்துபோய், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அவளுடைய சார்ஜரைத் தேடி எடுத்து, மாட்டினார்.