தொட்டியில் கிடந்த திறவுகோல்

இந்நிலவுலகில் எவர் வருகைக்காகவும் நொடிப்பொழுதும் காத்திராத மாந்தன் தான் ஒருவனே என்று, மூக்கண்டப்பள்ளித் தேநீர்க்கடை வாயிலில் நின்று சௌந்தரராஜன் சிறிதும் நகையாது உரைத்த அந்தச் சனிக்கிழமை மாலையில், கதிரவன் ஆலைப் புகைபோக்கிகளின் இடையே, உலையிலிருந்து எடுத்த இரும்புண்டைபோல் சிவந்து சரிந்துகொண்டிருந்தான். சுற்றிலும் நெகிழிப் பந்தல்களின் கீழ்ப் பறித்த ரோசா மொட்டுகள், தாம் மலரும் பேறு அயல்நாட்டில்தான் என்று விதிக்கப்பட்டவையாய்க் குளிரூட்டிய வண்டிகளில் ஏறின. சூசுவாடி எல்லையில், கன்னட நாடு புகக் காத்திருந்த சரக்குந்துகள், நீர்த்துறையை நெருங்கிய களிறுகள்போல் ஒன்றையொன்று நெருக்கிப் பிளிறின. ஊர் முழுதும் எதற்கோ காத்திருந்தது. அவன் ஒருவனைத் தவிர.

"பஸ்சு வரலன்னா நடப்பேன். பொண்டாட்டி சோறு ஆக்கலன்னா நானே ஆக்கித் தின்பேன். காத்துக் கெடக்கறது கையாலாவாதவன் வேல, மாதப்பா."

உடன் பணிபுரியும் மாதப்பன் தேநீரை ஊதினான். "அண்ணி இப்ப அங்க காத்துக்கிட்டுதானண்ணே இருக்காங்க?"

"அதான் வேடிக்க பாக்கப் போறேன். வா."

ஊர்தி உறுப்புகள் வார்க்கும் ஆலையில் அளவு சரிபார்ப்பவன் சௌந்தரராஜன். மயிரிழை மிகினும் குறையினும் உருப்படியை இரக்கமின்றிக் கழித்தெறியும் அவன், ஆலைக்கு வெளியேயுள்ள உலகையும் அதே கண்ணால் நோக்கி, அதில் பெரும்பகுதியை முன்னரே கழித்துவிட்டிருந்தான். அவன் மனைவி பொற்கொடியோ, வரிசைவீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் கூடும் சிறு கிறித்தவக் கூட்டத்தில் ஓராண்டுக்கு முன் சேர்ந்திருந்தாள். அக்கூட்டத்தின் மேய்ப்பர் எசேக்கியேல், முன்பு கடைசற்பட்டறையில் உழைத்தவர்; இரவெல்லாம் மறைநூலைப் புரட்டிக் கணக்கிட்டு, இச்சனிக்கிழமை கதிரவன் மறையுமுன் ஆண்டவர் இறங்கி வருவார் என்று அறிவித்திருந்தார். வீட்டைச் சுமந்துகொண்டு எவரும் வானேற இயலாது என்பதால், நம்பினோர் யாவரும் தத்தம் வீட்டுத் திறவுகோலைக் கொணர்ந்து, திருகாணி போட்டுவைக்கும் சிவப்புத் தொட்டி ஒன்றில் இட்டுவிடவேண்டும் என்பதும் அவர் ஏற்பாடு. கணவனிடம் ஒன்று இருக்க, தன்னிடமிருந்ததைப் பொற்கொடியும் இட்டிருந்தாள்.

நண்பர் இருவரும் சென்று கொட்டகை வாயிலில் சாய்ந்து நின்றபோது, உள்ளே வெண்ணிற ஆடை உடுத்த குடும்பங்கள் மேற்கு நோக்கி அமர்ந்திருந்தன. செம்மை கருமையாயிற்று. நெடுஞ்சாலையில் ஒரு சரக்குந்து நீளமாய்க் குழலொலித்தது. அதை ஆண்டவர் வருகையின் எக்காளமெனக் கொண்டு அனைவரும் ஒருங்கே எழுந்தனர். வண்டி கடந்து ஒலி தேய்ந்ததும், ஒருவரையொருவர் பாராமல், எழுந்த வரிசையிலேயே அமர்ந்தனர். பின்பு கொசு வந்தது. குழந்தைகள் பசித்து அழுதன. மேய்ப்பர் முழந்தாளிலிருந்து எழவில்லை. நெடுநேரம் கழித்து, முதல் ஆளாய் எழுந்த பொற்கொடி, தொட்டியை நோக்கிக் கை நீட்டினாள்.

அதற்குள் சௌந்தரராஜன் பாய்ந்து அத்தொட்டியைத் தூக்கிக் குலுக்கினான். "யாருக்கு ஊடு வேணும், யாருக்கு ஊடு வேணும்? மலிவு வெல!" என்று கூவினான். பிறகு மனைவியிடம், "என்ன பொற்கொடி, உங்க கர்த்தர் அத்திப்பள்ளி டிராபிக்ல மாட்டிக்கினாரா?" என்றான்.

மாதப்பன் சிரித்தான். சிரித்தது அவன் ஒருவனே என்றறிந்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான். நீட்டிய கையைப் பொற்கொடி மடக்கிக்கொண்டாள்.

மறுநாட் காலை, ஊத்தங்கரையிலுள்ள தன் தமக்கை செல்லியின் வீட்டுக்குப் புறப்பட்டு நின்றாள். கணவன் கேட்டான்: "எப்ப வருவ?"

"ஞாயித்துக்கெழம வருவேன்."

"சாவி?"

"வேணாங்க. தொட்டியிலயே கெடக்கட்டும்."

அவ்வாரத்தில் கூட்டத்தார்க்கு நேர்ந்தவற்றைச் சௌந்தரராஜன் ஒவ்வொன்றாய்ச் சேகரித்து ஆலையில் விளம்பினான். ஒரு குடும்பம் நாணி வேறு கூட்டம் தேடிச் சென்றது. ஆண்டவர் குறித்த நாளில் புறப்பட்டுவிட்டார், அது நம் கண்ணுக்குத்தான் புலப்படவில்லை என்றான் ஓர் இளைஞன். மேய்ப்பர் அழுத விழியோடு, பிழை தம் கணக்கில்தான், வாக்கில் இல்லை என்று கூறி, மறுபடியும் கணக்கிட அமர்ந்தார். ஒரே கடையில் வாங்கிய ஒரே வகைப் பூட்டுகள் ஆதலின், வானேறத் துணிந்தவர்கள் வீடேற வழியின்றி, இரு நாட்கள் ஒருவர் கதவில் மற்றவர் திறவுகோலைச் செருகித் திருகிக்கொண்டிருந்தனர். மாவரைத்து விற்கும் வெங்கடம்மாள் மட்டும் தன்னுடையதைக் கண்டெடுத்து, வழக்கம்போல் அரிசி ஊறவைத்தாள்.

"என்னக்கா, இன்னுமா நம்புற?" என்று சௌந்தரராஜன் அவளைச் சீண்டினான்.

"வரல, அவ்ளோதான நைனா? வரமாட்டேன்னு தேவுடு சொல்லலியே."

"உருப்படி தப்பா வந்தா நாங்க கழிச்சுப் போடுவோம். நீங்க அளவுகோலையே வளைக்கிறீங்க," என்று அவன் நகைத்தான்.

ஞாயிறு வந்தது, பொற்கொடி வரவில்லை. தொலைபேசி அழைப்பு விடுப்பது காத்திருப்போர் செயலாதலின் அவன் விடுக்கவில்லை. திங்களன்று மாதப்பன் வினவினான்: "அண்ணி வந்துட்டாங்களாண்ணே?"

"ஞாயித்துக்கெழமன்னுதான் சொன்னா. எந்த ஞாயிறுன்னு சொல்லல."

அடுத்த ஞாயிறும் கழிந்தது. கிருட்டிணகிரியில் பேருந்துகளில் நெரிசல் மிகுதி என்றும், செல்லிக்குக் காய்ச்சலாயிருக்கக்கூடும் என்றும் அவன் காரணங்களை ஆய்ந்து நிறுவினான். "மனசுல எப்பவோ கெளம்பிட்டாடா. நமக்குத்தான் தெரியல" என்று ஒருநாள் கூறியவன், அச்சொல்லை வேறு எவர் வாயிலோ கேட்டதாய் உணர்ந்து, சிறிது நேரம் உருப்படிகளைக் கவனமின்றி நோக்கினான். அன்று வாழ்வில் முதன்முறையாக, கழிக்கவேண்டிய வார்ப்பு ஒன்று அவன் கையைக் கடந்து போயிற்று.

அன்று மாலை வெங்கடம்மாள் வாயிலில் வந்து நின்றாள். "சௌந்தரு, ஒங்க ஊட்டுச் சாவி ஒண்ணுதான் தொட்டியில கெடக்குது. எடுத்துனு போப்பா."

எடுத்துவிட்டால் அவள் வரமாட்டாள் என்றாகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. எந்த அளவுகோலாலும் அளக்கவியலாத அவ்வெண்ணத்தை அவன் வெளியிடவில்லை.

"இருக்கட்டுங்க்கா. அவளே வந்து எடுப்பா."

"எப்ப வர்றா?"

"வரல, அவ்ளோதான். வரமாட்டேன்னு சொல்லல."

வெங்கடம்மாள் அவனைக் கூர்ந்து நோக்கினாள். நகைப்பதற்கு அவளுக்கு முழு உரிமை இருந்தும் நகையாமல், ஒரு குவளை மாவை வாயிற்படியில் வைத்துவிட்டுச் சென்றாள்.

கற்றறிந்தோரே, மூன்றாம் ஞாயிற்றின் விடியலை மட்டும் கண்டு அமைவோம். ஆலை ஓயாத ஊரில் அன்றும் அவனுக்கு முதல் முறைப்பணி. பனி, புகையோ பனியோ எனப் பிரித்தறியவொண்ணாது தெருவை மூடியிருக்க, சௌந்தரராஜன் வெளியே வந்து கதவைச் சாத்தினான். பூட்டைக் கொளுவியில் மாட்டினான். வீட்டுக்குரியவள் கையில் திறவுகோல் இல்லை என்பதை எண்ணினானோ, வேறெதை எண்ணினானோ, மாட்டிய பூட்டைக் கழற்றினான். தெருவின் இருபுறமும் பார்த்தான். அதே தெருவில் குடியிருந்த மாதப்பன் இன்னும் எழவில்லை. பூட்டைச் சோற்றுப்பையில், தூக்குவாளியின் அருகே போட்டுக்கொண்டு விரைந்து நடந்தான்.

பின்புறக் கொட்டகையில் விடியற்காலைப் பாட்டு தொடங்கியது. கிருட்டிணகிரித் திசையிலிருந்து வந்த பேருந்துகள் விளக்கெரிய அவனைக் கடந்து சென்றன. ஒவ்வொன்றுக்கும் அவன் நடை சற்றே தளர்ந்து, பின் விரைந்தது. அவன் வீட்டுக் கதவோ, திருடர்க்கும் மனைவிக்கும் ஆண்டவர்க்கும் ஒருங்கே திறக்கும்படி, பூட்டின்றி நின்றது.