சத்தம் போடாத ரோந்து வண்டி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் கரண்ட் கார் வருதாமே? பழைய ஜீப்பை எல்லாம் ஓரங்கட்டுறாங்களாம். சிரிக்கிற மாதிரி ரெண்டு பக்கம் குடுங்க. ஓவியர் இப்பவே திருடனை வரைய ஆரம்பிச்சுட்டார்."

கதைக்கு முன்னால் படம் தயாராவது எங்கள் தொழிலில் சகஜம். ஆகவே திருடனோடு ஆரம்பித்தேன்.

'சுவரேறிக் குதித்த திருடன், ஓசையில்லாமல் வந்து நின்ற ரோந்து வண்டியின் கூரை மீதே பொத்தென்று...'

அடித்துவிட்டேன். விழுந்த பிறகு அவனுக்குக் கதையில் வேலை இல்லை. (ஓவியர் மன்னிக்க வேண்டும்.)

2

சரி, டிரைவரிடமிருந்து தொடங்குவோம். ஸ்டேஷனில் அவருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். அவர் ரகசியம் சொன்னால் லாக்கப்பில் இருப்பவன் பதில் சொல்வான். அவர் ஓட்டிய பழைய ஜீப்பும் அப்படித்தான். சைலன்ஸரில் ஓட்டை. தெருமுனை திரும்புவதற்கு முன்பே நாய்கள் எழுந்து வழிவிடும்.

'ஹாரன் கடைசி முறையாக ஜீப்பைத் தடவிக்கொடுத்தார். அவர் கண்களில்...'

இதுவும் வேண்டாம். அந்த ஜீப் அவருக்குக் கொடுத்தது இடுப்புவலி மட்டுமே. அது தொலைந்ததில் மனிதருக்குப் பரம சந்தோஷம். புதுக் காரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர், அவரைவிட வயதில் சிறியவர், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அண்ணே, ஆன் ஆனதை ஆஃப் பண்ணிட்டீங்க."

"ஆன் ஆச்சா? ஒரு வார்த்தை சொல்லலையே மேடம்!"

"அது சொல்லாது. நாமதான் பார்த்துக்கணும்."

"எங்க மாமியார் கோவிச்சுக்கிட்டாலும் இப்படித்தான். வீட்டுல இருக்காங்களா இல்லையான்னே தெரியாது."

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஆசிரியர் கேட்டது கிடைத்திருக்கும். ஆனால் வண்டி கிளம்பிவிட்டதே, எங்கேயாவது போக வேண்டும் அல்லவா? அவர்களுக்காக ஒரு தெருவை எழுதினேன். மூன்றாவது பகுதியில் அதற்குள் நுழைகிறார்கள்.

3

"இது தங்கமான தெரு மேடம்," என்றார் ஹாரன். "சண்டை சச்சரவு கிடையாது. எத்தனை வருஷமா வர்றேன், நான் நுழைஞ்சா ஊசி விழுந்தா கேக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்த சாயங்காலங்களில் எல்லாம் அந்தத் தெரு அப்படித்தான் இருந்தது.

விளக்கு போடும் நேரம். கார் ஒரு மரத்தடியில் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். 'எங்கும் அமைதி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அப்போது எதிரே இருந்த வீட்டில் ஒரு தட்டு தரையில் வந்து விழுந்தது.

"இன்னொரு தடவை எதிர்த்துப் பேசு பார்ப்போம்." ஆணின் குரல். கத்தவில்லை, நிதானமாகவே பேசினான்.

அடுத்து ஓர் அறை விழுந்த சத்தம். அதற்குப் பின், அழுகையை விழுங்கிய ஒரு பெண் குரல்: "வேணாங்க. பாப்பா முழிச்சுக்கும்."

[இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவர்கள் இருவரும் காரிலேயே இருந்தார்கள்.]

ஹாரன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்... நம்ம ஜீப் சத்தம் கேட்டதும் கையை இறக்கிடுவான் போலிருக்கு. நாம போனதும்..."*

* முதல் பிரதியில் இதைச் சப்-இன்ஸ்பெக்டர் சொல்வதாக எழுதியிருந்தேன். தங்கமான தெரு என்று சொன்னவரே சொல்லட்டும் என்று மாற்றினேன்.

4

ஹாரனின் விரல் சைரன் பொத்தானுக்குப் போயிற்று.

"ஒரு தடவை அலறவிட்டா அடங்கிடுவான்."

"அடங்குவான். இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணியிருக்கான்? கையை எடுங்கண்ணே."

சப்-இன்ஸ்பெக்டர் இறங்கிப்போய்க் கதவைத் தட்டினார். ஹாரனும் பின்னால் போனார்.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் மனைவி கதவைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறாள். வாசகர் கடிதங்கள் குவியும். ஆனால் இத்தனை காலம் வாய் திறக்காதவள், போலீஸ் வண்டி மாறிய ஒரே காரணத்தால் திறந்துவிடுவாளா? இரண்டாவதில் சப்-இன்ஸ்பெக்டர் அவனைப் பளாரென்று அறைகிறார். ஓவியருக்கு நல்ல படம். அறைந்த பிறகு கார் போய்விடும், அவள் அதே வீட்டில் இருப்பாள்.

இரண்டையும் கிழித்த பிறகு மிஞ்சியது இது.

கதவைத் திறந்தவன் கணவன். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம்.

"வாங்க மேடம், என்ன விஷயம்?"

"சத்தம் கேட்டுச்சு. உங்க சம்சாரத்தைக் கூப்பிடுங்க."

அவள் வந்தாள். "தட்டு கை தவறிடுச்சு" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

"கன்னத்துலயும் தட்டுதான் விழுந்துச்சாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஏதோ இன்னைக்கு ஒரு நாள், கோவத்துல கை நீண்டுடுச்சு மேடம்," என்றான் அவன். "குடும்பம்னா இருக்கிறதுதானே? வேணும்னா அக்கம்பக்கத்துல விசாரிங்க. எங்க வீட்டைப் பத்தி ஒருத்தர் ஒரு குறை சொல்லட்டும்."

சப்-இன்ஸ்பெக்டர் ஹாரனைத் தள்ளி அழைத்துப் போனார்.

"நாம கேட்டது இன்னைக்கு நடந்ததை மட்டும்தான். இவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாலும், தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லிட்டு நாளைக்கே வந்துடுவான். வந்ததும் இதுக்கும் சேர்த்து அந்தப் பொண்ணுதான் வாங்கணும். எப்பவும் நடக்குதுன்னு சொல்ல ஒரு ஆள் கிடைச்சா, அவளையும் குழந்தையையும் இப்பவே பத்திரமான இடத்துல விட்டுடலாம்."

"இந்தத் தெருவுல யார் மேடம் சொல்லுவாங்க?" ஹாரன் இதைக் கிசுகிசுத்தார். அவருக்கு அது வரும் என்று எனக்கே இப்போதுதான் தெரியும்.

5

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தேவை.

'பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி...'

அடித்துவிட்டேன். நான் உண்டாக்கும் ஆள் நான் நினைப்பதையே சொல்வார். தைரியம் கொடுத்தால் பேசுவார், பயத்தைக் கொடுத்தால் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தப் பெண்ணுக்கு என் தயவில் ஒரு சாட்சி கிடைத்து என்ன பயன்?

ஆகவே அந்த வீட்டில் உங்களைக் குடிவைத்திருக்கிறேன். கேட்காமல் செய்ததற்கு மன்னியுங்கள். சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. தட்டு விழுந்தது, அறை விழுந்தது, பாப்பா முழிச்சுக்கும் என்றது எல்லாம் உங்கள் காதிலும் விழுந்தது. மற்றச் சாயங்காலங்களில் ஜீப் வந்துபோன பிறகு நடந்தவற்றை நான் எழுதவில்லை. அவை உங்களுக்குத்தான் தெரியும்.

அவன் தன் வாசலில் நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான். நாளைக்கும் அவன் உங்கள் பக்கத்து வீட்டுக்காரன்தான். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்திருக்கிறாள். அவளும் உங்களைத்தான் பார்க்கிறாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"நீங்க பக்கத்து வீடுதானே? பயப்படாம சொல்லுங்க. இது எப்பவும் நடக்குதா?"