எட்டு எண்களும் ஓர் எண்ணும்

திங்கட்கிழமை சாயங்காலம். இருமிக்கொண்டே வந்த ஒருவர் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு பத்து டாலர் நோட்டை நீட்டினார். மருந்துக்கடைக்காரர் அதைக் கல்லாவில் போடவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோட்டை முகத்துக்கு நேரே பிடித்து, அதன் எண்ணை உதடு அசையப் படித்தார். கல்லாப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார். பிறகு சலிப்போடு மீதியை எடுத்துக் கொடுத்தார்.

“என்ன, நமக்கு வீடு இல்லையா?” என்று கேட்டார் இருமல்காரர்.

“உங்க நோட்டுல ஒரு கக்கூஸ்கூட இல்ல.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஊரில் அப்போது எல்லாக் கடைகளிலும் இதே சிரிப்புதான்.

தொலைக்காட்சியில் ‘உங்க பர்ஸில் ஒரு வீடு’ என்று ஒரு போட்டி. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பளபளக்கும் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, ஏதோ ஒரு பத்து டாலர் நோட்டின் எட்டு எண்களை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார். அந்த நோட்டு யாரிடம் இருக்கிறதோ அவருக்கு ஒரு வீடு. அடுத்த ஞாயிறுக்குள் கொண்டுவர வேண்டும். யாரும் கொண்டுவராவிட்டால் வேறு எண் வாசிப்பார்கள். வீட்டோடு ஒரு காரும் சேரும். கடைசி நான்கு எண்கள் மட்டும் ஒத்துப்போனால் ஆறுதல் பரிசு. விஷம் இருந்தது அந்த ஆறுதலில்தான். போன மாதம் நம் கடைக்காரருக்கு அப்படி ஒரு மின்சாரக் கெட்டில் கிடைத்தது. அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“நாலு நம்பர் வந்தவனுக்கு எட்டு நம்பர் வராதா?” என்றார் மனைவியிடம்.

“வர்றது வரட்டும். அதுவரைக்கும் கெட்டில்ல குடியிருக்க முடியுமான்னு பாருங்க” என்றார் மனைவி.

அவரை வெறும் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. எதிர்ச் சாரியில் ஒரு பெரிய கம்பெனி மருந்துக்கடை திறந்ததிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். அந்த நிலையிலும் பழைய வாடிக்கையாளர்கள் அவரை விட்டுப் போகாததற்குக் காரணம் ஒன்று உண்டு. மருந்தை எடுத்ததும் அட்டையில் விரலை வைத்து, பெயரையும் அளவையும் சத்தமாகப் படிப்பார். பிறகு வாங்குபவர் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை படிப்பார். “ஒரு தடவை எனக்கு, ஒரு தடவை உங்களுக்கு” என்பார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே ‘ரெண்டு தடவை’ என்று ஆகிவிட்டது. கேலிப் பெயர்தான். ஆனால் அதைச் சொல்லும்போது யார் குரலிலும் கேலி இருக்காது.

இருமல்காரர் போன கையோடு பஸ்காரம்மா வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சீருடையோடு ஓடி வந்திருந்தாள். அவள் கணவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றியதிலிருந்து வீட்டோடு இருக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க அவருக்குத் தினம் ஒரு மாத்திரை. ஒரு மில்லிகிராம். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

“அண்ணே, அவருக்கு அதே மாத்திரை. அடுத்த வாரம் ஏணி ஏறலாமான்னு டாக்டரைக் கேக்கணுமாம், ஒத்தக் காலில நிக்கிறாரு” என்று சிரித்துக்கொண்டே நோட்டை நீட்டினாள்.

“ஏறட்டும், ஏறட்டும்” என்றபடி வாங்கிய கடைக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

நாலு. சைபர். ஏழு. ஒண்ணு. எட்டு. அஞ்சு. ரெண்டு. ஏழு எண்களும் அச்சாக ஒத்துப்போயின. எட்டாவது எண்ணின் மேல் மட்டும் எண்ணெய்க் கறை. ஆறாக இருந்தால் வீடு. எட்டாக இருந்தால் ஒன்றுமில்லை.

நோட்டை மேசைக்குக் கீழே இறக்கி, ஒரு கையால் பூதக்கண்ணாடியைத் தேடினார். இன்னொரு கை, முப்பது வருடப் பழக்கத்தில், பின்னால் இருந்த தட்டுக்குத் தானாகப் போனது. அந்தத் தட்டில் ஒரு மில்லிகிராம் பெட்டியும் ஐந்து மில்லிகிராம் பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தவறு நேரக்கூடாது என்று ஐந்தின் மேல் சிவப்புத் தாள் ஒட்டியவர் அவரேதான். ஆனால் சிவப்பு என்பது பார்க்கிற கண்ணுக்குத்தானே?

“என்னண்ணே, என் நோட்டுல வீடு இருக்கா?”

“சேச்சே, அதெல்லாம் இல்ல தங்கச்சி. கறையா இருக்கே, செல்லுமான்னு பார்த்தேன்.” வாய் கூசாமல் பொய் வந்தது. அவள் சீக்கிரம் போனால் தேவலை என்று இருந்தது. நோட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டால்?

அவர் எடுத்து வைத்த அட்டையை அவள் திருப்பிப் பார்த்தாள். “இந்தத் தடவை மாத்திரை வேற நிறமா இருக்கேண்ணே?”

“கம்பெனிக்காரன் மாத்திட்டான். அதே மாத்திரைதான்” என்றார் அவர், கீழே நோட்டைப் பார்த்தபடி.

“நீங்க சொன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டு அவள் பேருந்தை நோக்கி ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, கறையை மெதுவாகத் துடைத்தார். ஒரு தடவை பார்த்தார். விளக்கடியில் கொண்டுபோய் இரண்டாம் தடவை பார்த்தார். எட்டு. அந்தக் கோட்டுக்காரனையும் கறையையும் திட்டிக்கொண்டு நோட்டைக் கல்லாவில் எறிந்தார். அவளிடம் மருந்தைப் படித்துக் காட்டவில்லை என்பது அப்போதும் அவர் நினைவுக்கு வரவில்லை.

வாரம் ஓடியது. நோட்டுகள் வந்தன, போயின. வீடு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புது எண்ணைக் கேட்க நேரத்தோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவசர அவசரமாகத் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மில்லிகிராம் பெட்டியில் ஓர் அட்டை குறைந்தது. அதை வாங்குபவர் ஊரில் ஒரே ஒருவர்தான்; அவர் இந்த மாதம் இன்னும் வரவில்லை. ஒரு மில்லிகிராம் பெட்டி பிரிக்காமலே இருந்தது.

‘வேற நிறமா இருக்கேண்ணே?’

தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. கடையைத் திறந்து போட்டது போட்டபடி அவள் வீட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது. “காலையில அவங்க வீட்டுக்காரருக்கு மூக்குல, வாயில ரத்தமா வந்துச்சு. அப்புறம் பேச்சு மூச்சு இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

மருத்துவமனையில், காத்திருப்போர் கூடத்தின் கடைசி நாற்காலியில் பஸ்காரம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த மாத்திரை அட்டை. ஆறு மாத்திரைகள் காலியாக இருந்தன. அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

“மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடுச்சாம். நாலு மணிக்கு முடிஞ்சுபோச்சு” என்றாள். “டாக்டர் இந்த அட்டையைப் பார்த்துட்டு, அஞ்சு மடங்கு போட்டிருக்கீங்க, யாரு குடுத்தான்னு கேட்டாரு. என் கையாலதாண்ணே தினமும் எடுத்துக் குடுத்தேன். ரெண்டு தடவை அண்ணன் குடுத்தது, தப்பா இருக்காதுன்னு அடிச்சுச் சொன்னேன்.”

கம்பெனி மேல் பழி போடலாம். அச்சடித்தவன் மேல் போடலாம். வழியெல்லாம் அப்படி எத்தனையோ அவருக்குத் தோன்றியிருந்தது. அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அவற்றில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“தப்புதான்மா. நான்தான் பெட்டியை மாத்தி எடுத்தேன்” என்றார். “உன் நோட்டுல ஏழு நம்பர் ஒத்துப்போச்சு. எட்டாவதைப் பார்த்துக்கிட்டே எடுத்துட்டேன். நீ நிறம் வேறன்னு கேட்டப்பகூட நான் நிமிரல. நீ போனப்புறமும் நோட்டைத்தான் ரெண்டு தடவை பார்த்தேன். டாக்டர்கிட்டயும் போலீஸ்லயும் நானே சொல்றேன். என்ன தண்டனை குடுத்தாலும் ஏத்துக்கிறேன்.”

அவள் பதில் சொல்வதற்குள் சுவரில் இருந்த தொலைக்காட்சியில் மேளம் முழங்கியது. மணி ஏழு. பளபளக்கும் கோட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். போன வாரமும் யாரும் வரவில்லை என்றார். வீட்டோடு இப்போது இரண்டு கார்கள் என்றார். முதல் எண்ணை வாசித்தார்.

கூடத்தில் இருந்தவர்கள் அசைந்தார்கள். கால் கட்டோடு இருந்தவர் சட்டைப் பையைத் துழாவினார். பிள்ளையை மடியில் போட்டிருந்த தாய் பர்ஸைத் திறந்தாள். எந்த அறையில் யார் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு நிமிடம் யாருக்கும் நினைவில்லை.

கடைக்காரரின் கையும் தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் அவரே அதைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டு நிறுத்தினார். ஆனால் பஸ்காரம்மா பார்த்துவிட்டிருந்தாள்.

அவள் எழுந்து, அந்தக் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் மாத்திரை அட்டையை வைத்தாள்.

“என் நோட்டுல இருந்த எட்டு நம்பரையும் ரெண்டு தடவை பார்த்தீங்க. இதுல ஒரே ஒரு நம்பர்தாண்ணே இருந்துச்சு” என்றாள். “சும்மா வீடு தர்றேன்னு சொல்றவன் மொதல்ல நம்ம கண்ணைத்தான் வாங்கிக்கிறான். இனிமே யாரு காசு நீட்டினாலும், காசைக் கீழ வச்சிட்டு ஆளைப் பாருங்க.”