சலவை அறையின் கிழக்குச் சுவர்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் இலங்கை மலையகத்து மஸ்கெலியாப் பக்கம் வெயிலைக் காண்பது அரிது. நான்கு தேயிலைத் தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த அந்த ஆஸ்பத்திரியில், துவைத்த படுக்கை விரிப்புகள் நாலு நாளானாலும் ஈரம் காயாமல் கொடியில் தொங்கும். பிள்ளை பெற்ற பெண்கள் சில்லிட்ட விரிப்பில் படுத்து நடுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், சலவை அறையில் வேலை செய்த அழகம்மா ஒவ்வொரு விரிப்பையும் அடுப்பருகே பிடித்துச் சூடு காட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அதனால் 1961ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து துணி உலர்த்தும் மின்சார மெஷின் வந்து இறங்கியபோது, அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை. ஆள் உயர மெஷின். உள்ளே பீப்பாய் சுழலும். சூடான காற்று ஈரத்துணிக்குள் புகுந்து, ஈரத்தை வாங்கிக்கொண்டு பின்னாலுள்ள தடித்த குழாய் வழியாக வெளியேறும்.

அந்தக் குழாயை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில்தான் கோளாறு. கிழக்குச் சுவருக்கு எதிரே டாக்டரின் பங்களா. அந்தப் பக்கம் குழாய் நீட்டினால் அவர் கோபிப்பார் என்று நினைத்த கொழும்பு ஆட்கள், குழாயை மூன்று இடத்தில் மடக்கி மேலே ஏற்றி, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் திறந்து விட்டார்கள். சாரல் வரக் கூடாது என்று ஜன்னல்களையும் ஆணி அறைந்து மூடிவிட்டு ரயிலேறிப் போனார்கள்.

முதல் வாரம் முக்கால் மணி நேரத்தில் விரிப்பு மொறமொறவென்று காய்ந்தது. நாலாவது வாரம் இரண்டு மணி நேரம் ஓடியும் ஈரம் போகவில்லை. சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது.

ஆஸ்பத்திரியின் கணக்கு வழக்கைப் பார்த்த கிளாக்கர் நடராசா யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனிதர். கொழும்புக்கு எழுதிப் பதிலும் வாங்கி, அழகம்மாவைக் கூப்பிட்டார்.

"நீங்கள் அளவுக்கு மிஞ்சித் துணி போடுறீங்களாம். அதுதான் காயேல்லையெண்டு எழுதியிருக்கினம்."

"எண்ணித்தாங்கையா போடுறேன். ஆறு விரிப்புக்கு மேல ஒரு நாளும் போட்டதில்லீங்க."

"அப்ப மெஷினிலையே பிழை?"

அழகம்மா சலவை அறைக்குத் திரும்பினாள். செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கியது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

அன்று மத்தியானம் வாளியோடு உள்ளே வந்தவள், கை ஒழியாததால் கதவைச் சாத்தவில்லை. முனகிக்கொண்டிருந்த மெஷினின் சத்தம் சட்டென்று லேசானது. கதவைச் சாத்திப் பார்த்தாள், மறுபடி முனகல். திறந்தாள், மூச்சு விட்டாற்போல ஓடியது.

அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. கால் முறிந்து ஆஸ்பத்திரி வேலைக்கு வருமுன், எட்டு வருஷம் தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றவள் அவள். எத்தனை பெரிய காற்றாடி சுழன்றாலும், எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறக்காவிட்டால் கொழுந்து வாடாது. உள்ளே வரக் காற்றில்லாதபோது வெளியே போக மட்டும் எங்கிருந்து வரும்?

இதைச் சொல்லப் போனபோது கிளாக்கர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பிறகு பாப்பம்."

மறுநாள் காலை துணி கருகும் நாற்றம் வந்தது. அழகம்மா ஓடிப்போய் சுவிட்சை இழுத்து அணைத்தாள். ஏணியைச் சாத்தி, வலிக்கும் காலோடு ஏறி, சீலிங் பலகையை நகர்த்தினாள். கூரைக்குள் சாம்பல் நிறத்தில், மெத்தை போல, பஞ்சுத்தூசி கனமாகப் படிந்திருந்தது. குழாயின் மடிப்பு முழுக்க அதே தூசி அடைத்து, ஓரிடத்தில் பழுப்பேறியிருந்தது.

ஒரு பிடி அள்ளிக்கொண்டு நேராகக் கிளாக்கரின் மேசைக்குப் போனாள்.

"ஐயா, விரிப்புலேருந்து உதிர்ற தூசிங்க. வெளிய போக வழியில்லாம கூரையிலயே கெடக்கு. கருக ஆரம்பிச்சிருச்சு. இதே கூரைக்குக் கீழதானே புள்ள பெத்தவங்க படுத்திருக்காங்க?"

நடராசா அந்தத் தூசியைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"நேற்றே நான் கேட்டிருக்கவேணும். என்ர பிழை," என்றார். "கொழும்பிலயிருந்து ஆள் வர ஒரு மாசமாகும். என்ன செய்யலாம்?"

"நம்ம பெக்டரியில தகர வேலை பாக்குற மாயாண்டி அண்ணனக் கூப்புடுங்கையா."

மாயாண்டி வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். மேற்குச் சுவரைத் தட்டி, "இங்கிட்டு ஓட்டை போட்டா சுளுவா முடிஞ்சிரும்" என்றார்.

"வேணாண்ணே. இந்த மாசத்துக் காத்து மேக்கேருந்துதான் அடிக்குது. குழாய்க்குள்ளயே திருப்பி ஊதிரும். கெழக்குப் பக்கம் நேரா, மடிப்பில்லாம விடுங்க."

"டாக்டர்ர பங்களாவுக்கு நேரையோ?" என்று தயங்கினார் நடராசா. பிறகு என்ன நினைத்தாரோ, அந்தப் பிடித் தூசியைக் காகிதத்தில் பொதிந்துகொண்டு மழையில் குடைகூட எடுக்காமல் பங்களாவுக்கு நடந்தார். கால் மணி நேரத்தில் டாக்டரும் கூடவே வந்தார். ஏணியில் ஏறிப் பார்த்து இறங்கியவர், "இன்றைக்கே சுவரை உடையுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாள் வேலை நடந்தது. கூரைத் தூசி மூட்டை மூட்டையாக இறங்கியது. குருவி புகாமலிருக்கக் குழாய் வாயில் கம்பிவலை அடிக்கலாம் என்றார் மாயாண்டி. அதில் தூசி ஒட்டி மறுபடியும் அடைத்துக்கொள்ளும் என்று அழகம்மா மறுத்ததால், உள்ளிருந்து காற்று தள்ளும்போது திறந்து, காற்று நின்றதும் தானே மூடிக்கொள்ளும் தகர மூடியாகச் செய்தார். தூசியைப் பிடிக்க அந்த வலை, மெஷினுக்குப் பக்கத்திலேயே, கையால் இழுத்துச் சுத்தம் பண்ணும் பெட்டிக்குள் போனது. எதிர்ச்சுவரின் அடியில் காற்று உள்ளே வர இரண்டு துவாரங்கள் விட்டார்கள்.

நாலாம் நாள் மெஷினை ஓட்டினார்கள். தகர மூடி படக்கென்று திறந்து, வெள்ளை ஆவி மழைக்குள் பாய்ந்தது. முக்கால் மணி நேரத்தில் அழகம்மா கதவைத் திறந்து ஒரு விரிப்பை எடுத்து நடராசாவின் கையில் வைத்தாள்.

"நல்ல சூடாயிருக்கு!" என்று சிரித்தார் அவர். அந்த மனிதர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று அதிகாலையில் பிள்ளை பெற்ற வீரம்மாவின் கட்டிலில் அந்த விரிப்பை விரித்தாள். வீரம்மா பிள்ளையை அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள், நடுக்கம் நின்றிருந்தது.

ஆவணியில், பக்கத்து ஊரான கினிகத்தேனையில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு தங்குவிடுதிக்கும் அதே மாதிரி மெஷின் வந்தது. ஆஸ்பத்திரி மெஷின் நன்றாக ஓடுவதைக் கேள்விப்பட்டு, தங்களுடையதை எங்கே வைப்பது என்று அவர்கள் எழுதிய கடிதத்துக்கு, நடராசா இரண்டே வரியில் பதில் போட்டார்: "எங்கள் சலவை அறைப் பொறுப்பாளர் திருமதி அழகம்மா வந்து பார்ப்பார். அவர் சொல்லும்வரை சுவரில் கை வைக்க வேண்டாம்."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஜன்னலோரம் அழகம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அளவு நாடாவோடு மாயாண்டி.

"போனதும் மொதல்ல என்னம்மா பாக்கணும்?" என்று கேட்டார் அவர்.

"காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாப்போம்ணே," என்றாள்.