அக்டோபர் பத்தில் யாரும் பிறக்கவில்லை

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எந்தெந்த நாட்களில் அதிகம் பேர் பிறக்கிறார்கள் என்று ஞாயிறு இணைப்புக்கு நாலு பத்தி கேட்டார்கள். சரி என்றேன். என் அக்கா பிரசவ ஆஸ்பத்திரியில் பிறப்புப் பதிவேடு எழுதுகிறவள். முப்பத்தொரு வருடமாக ஒரே மேசை. அங்கே இங்கே அலையாமல் அக்கா வீட்டில் ஒரு டீயோடு வேலையை முடித்துவிடலாம் என்ற சோம்பேறித்தனம்தான், வேறொன்றுமில்லை.

பதிவேட்டை அவள் காட்டவில்லை. "பேரு, விலாசம் எல்லாம் இருக்கு. தம்பியா இருந்தா என்ன, கொம்பனா இருந்தா என்ன?" என்றாள். ஒரு நாளைக்கு எத்தனை பிரசவம் என்று மட்டும் எழுதிவைத்த நோட்டுகளைக் கொடுத்தாள்.

2

முதல் தொடக்கம்: "பிறந்தநாள் என்பது ஒவ்வொரு மனிதனுக்கும்—"

(அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பிப்பவர்களை நானே படிப்பதில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "செப்டம்பரில் குழந்தைகள் வரிசைகட்டி வருகிறார்கள்."

இது பரவாயில்லை. கட்டம் போட்ட தாளில் நாளுக்கு ஒரு கோடு என்று வரைந்தேன். இந்த ஆஸ்பத்திரியில் செப்டம்பர்க் கோடுகள் எகிறி நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பல் விழுந்த வாய்போலப் பள்ளம். வருடக் கடைசி விடுமுறையில் கோடுகள் படுத்தேவிட்டன. பெரிய கண்டுபிடிப்பு என்று அக்காவிடம் ஓடினேன்.

"டிசம்பர்ல குளிரு, செப்டம்பர்ல எனக்கு வேலை. இதுக்கு ஒரு கட்டுரையா?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை ஏன் கம்மி?"

"டாக்டருக்கும் குடும்பம் இருக்குல்ல. ஆபரேஷனை எல்லாம் சனிக்கிழமையே முடிச்சிடுவாங்க. சொல் பேச்சு கேக்காம தானா வர்றதுங்கதான் ஞாயித்துக்கிழமை வரும்."

(நான் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன். அதை அவள் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள்.)

3

இங்கேதான் கட்டுரை கையை விட்டுப் போயிற்று.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டு. தினமும் பத்து, பன்னிரண்டு என்று போய்க்கொண்டிருந்த கணக்கில் அக்டோபர் ஒன்பதாம் தேதிக்கு இருபத்து மூன்று. பத்தாம் தேதிக்கு ஒன்றுமில்லை. மற்ற எந்த வருடத்திலும் வெறும் நாள் என்று ஒன்று கிடையாது.

அந்த ஒன்பதாம் தேதி எங்கள் அம்மா இறந்த நாள். அது எனக்கு உடனே உறைக்கவில்லை. பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, 'ஆகா, கட்டுரைக்கு நல்ல விஷயம் மாட்டிற்று' என்றுகூட நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

4

நோட்டைக் காட்டிக் கேட்டபோது அக்கா மறுக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"ஒன்பதாம் தேதி வேலையில இருக்கும்போதுதான்டா போன் வந்துச்சு. போட்டது போட்டபடி ஓடிவந்தேன். அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருச்சு. மறுநாள் வீட்ல உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டு என்ன பண்றது? வேலைக்குப் போயிட்டேன். தேதி முத்திரை ஒன்பதுலயே நின்னுக்கிட்டிருந்தது. சக்கரத்தைத் திருப்பணும், மறந்துட்டேன். ரெண்டு குழந்தைக்கு அப்படியே குத்திட்டேன்."

"அப்புறம்?"

"மூணாவது குழந்தைக்கே தெரிஞ்சுபோச்சு. கட்டைவிரலைச் சக்கரத்து மேல வெச்சேன். திருப்ப மனசு வரல. திருப்பினா அம்மா நேத்திக்குப் போயிடுவா."

அன்று பிறந்த பதினோரு குழந்தைகளுக்கும் ஒன்பது என்றே விழுந்தது. (கடைசி இரண்டு ராத்திரி ஷிப்ட்காரர் குத்தியவை. அவர் முத்திரையைப் பார்த்துக் குத்தியதாகச் சரித்திரமே இல்லை.) மறுநாள் காலை சக்கரத்தை இரண்டு நாள் சேர்த்துத் திருப்பியிருக்கிறாள்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும்: பெற்றவளுக்குத் தெரியாதா? பத்துப் பேர் ஏனோ கேட்கவில்லை. காகிதத்தில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டிருக்கலாம். ஒருத்தி வந்தாள். மூன்று நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு மேசைவரை வந்தாள்.

"'பத்தாம் தேதிதான் அக்கா. காலண்டர் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் வீட்லேருந்து கெளம்பினேன்'னு சொன்னா. நான் அவ கண்ணைப் பாத்து, 'மயக்க மருந்து குடுத்திருந்தாங்கல்ல, அப்படித்தான் குழப்பமா இருக்கும்மா'ன்னேன். 'அப்படியா அக்கா... சரி'ன்னு போயிட்டா."

அக்கா டீ டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"முத்திரையக்கூட விடு. சொந்தப் பிள்ளை என்னிக்குப் பொறந்துச்சுன்னே அவளைச் சந்தேகப்பட வெச்சுட்டேன்டா."

5

முடிவுகளை யோசித்தேன்.

அ) அக்கா விலாசம் எடுத்துப் பதினோரு வீட்டுக்கும் கடிதம் போடுகிறாள். (முடியாது. விதிப்படி பதிவேட்டிலிருந்து விலாசம் எடுக்கக் கூடாது. முப்பத்தொரு வருடம் காத்த விதியை என் கதைக்காக மீறமாட்டாள்.)

ஆ) அக்கா தானே தேதியைத் திருத்துகிறாள். (அதுவும் முடியாது. பிறந்தவர் மனுக் கொடுக்க வேண்டும். எழுதியவர், வேலையில் இருக்கும்போதே, தவறு தன்னுடையது என்று கையெழுத்திட வேண்டும். அக்கா இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறாள்.)

இ) ஒரு மழை நாளில், ஆஸ்பத்திரி வாசலில், அந்தப் பெண்ணே எதிரே—

(மன்னிக்கவும். ஆசை யாரை விட்டது.)

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "துக்கத்துல செஞ்சேன்னு ரொம்ப உருகியிருக்க. கொஞ்சம் குறை. பொய் சொன்னதுக்குத் துக்கம் ஒரு சாக்கில்ல" என்றாள். குறைத்திருக்கிறேன், நம்புங்கள், முன்பு இதைவிட அதிகம் இருந்தது. பிறகு, "கதையாவே போடு. கட்டுரையா வந்தா ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேரு. தப்பு என்னோடது" என்றாள்.

"கதைன்னு போட்டா யாரு நம்புவாங்கக்கா?"

"அவ நம்புவா. அவளுக்குத்தான் தெரியுமே."

6

ஆகவே முடிவை எழுதப்போவதில்லை. இனி இது ஒரே ஒருவருக்கு.

உங்களுக்கு இருபத்திரண்டு வயது. சான்றிதழில் அக்டோபர் ஒன்பது என்றிருக்கிறது. கேக் வெட்டும்போது அம்மா என்றைக்காவது, "நான் பத்தாம் தேதின்னு நெனச்சுக்கிட்டு—" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தியிருக்கலாம். வீட்டில் யாராவது சிரித்திருக்கலாம். நீங்களேகூட.

தேதியை மாற்றுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். இத்தனை வருடம் கொண்டாடிய நாளை விட்டுக்கொடுக்க மனம் வராது என்றால் அதுவும் நியாயம்தான். ஆனால் இதைப் படித்து முடித்ததும் அம்மாவிடம் போய், அவர் சொன்னதுதான் சரி, அவருக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை என்று சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எழுதினால் அது பொய்யாகிவிடும்.

மனுக் கொடுக்க வருவதானால் மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து அக்கா மேசையில் இருப்பாள். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள்.