மாடிப்படித் தூண்

பள்ளியின் புதுக் கட்டடத்தில் அன்று இருந்தவர்கள்: நான், என் தம்பி, அவன் மனைவி, பாஸ்டர், மேஸ்திரி. வேறு எவரும் இல்லை.

கட்டியது கட்டட ஒப்பந்தம் எடுக்கும் எங்கள் குடும்பம். அப்பா இருந்தவரை எங்களுக்கு ஒரு முறை உண்டு. கான்கிரீட் இறுகி, சுற்றி அடித்த பலகை பிரித்ததும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு தூணையும் சுத்தியலால் தட்டி, காது வைத்துக் கேட்பார். அதன் பிறகுதான் ஜெபம். அவர் அடக்கத்துக்குப் பின் வேலையைத் தம்பி பார்த்தான். நகராட்சித் தலைவர் தேர்தலுக்கும் நின்றிருந்தான். மறுநாள் பள்ளித் திறப்பு.

பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். மாடிப்படித் தூணிலிருந்து டொக், டொக் என்று கேட்டது. கண் திறந்தேன். எல்லார் கையும் கூப்பியே இருந்தது.

"பெரியவர் தட்டுற மாதிரியே இருக்கும்மா" என்றார் மேஸ்திரி.

"எலியா இருக்கும். ஆமென் சொல்லி முடிங்க பாஸ்டர்" என்றான் தம்பி.

"உங்க ஊர் எலி சுத்தியல் பிடிக்குமா?" என்றாள் அவன் மனைவி. அவள் முகம் வெளுத்திருந்தது.

மறுபடியும் கேட்டது. பாஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "எதுக்கு ஆமென் சொல்றதுன்னு தெரியலையே தம்பி."

மேஸ்திரியின் பையிலிருந்து சுத்தியலை எடுத்து நானே தட்டினேன். காலிப் பானைச் சத்தம். இன்னொரு அடியில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கான்கிரீட் தேன்கூடு போல் இருந்தது. என் கை உள்ளே போனது. நல்ல வெயில் நேரம், உள்ளே மட்டும் சில்லென்றிருந்தது.

"தெரியுமாடா?"

"பலகை பிரிச்சப்பவே பார்த்தேன். இடிச்சுக் கட்ட நாள் இல்லக்கா. பூசச் சொல்லிட்டேன். இப்பவும் மூடிடலாம். அப்பா பேரைத்தானே காப்பாத்தப் பார்க்கிறேன்."

"அப்பா உள்ள நின்னு தட்டுறாரு. நீ அவர் வாயில சிமெண்ட் வைக்கப் பார்க்கிற. மேல உக்காந்து படிக்கப் போறது ஊர்ப் பிள்ளைங்க."

அவன் தூணில் நெற்றியை வைத்தபடி நெடுநேரம் நின்றான். என்ன கேட்டானோ, சொல்லவில்லை.

மறுநாள் திறப்புக்குக் கூடியவர்கள் முன் அவனே எல்லாவற்றையும் சொன்னான். கதவைப் பூட்டினோம். தேர்தலில் தோற்றான். தூணை எங்கள் செலவில் இடித்துக் கட்டினோம். அதன் பிறகு அங்கே சத்தம் இல்லை. என் அறைச் சுவரில் எப்போதாவது கேட்கிறது. அது என் காரியம்.

அப்பாவின் ஆவியை விரட்டத்தான் தூணை இடித்தோம் என்று ஊரில் பேச்சு. தவறு. கான்கிரீட் பொள்ளலாக இருந்தது. அதனால் இடித்தோம்.